சாணுக்கு ஒரு கிளிப்

மாமனாரின் பழைய ஜீப்பை ஓட வைக்கிறேன் என்று குடும்பம் மொத்தமும் கூடியிருந்த இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் பெயிண்டர். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவருடைய தொழில். இன்ஜினை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் என் கையால்தான் என்று பிடிவாதமாக நின்றார். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் துரு போகச் சுரண்டி, கறுப்பு அடித்து, தேய்த்து, மறுபடி அடித்தார். கடைசியில் குனிந்து பார்த்தால் மூக்கிலிருக்கும் முடிகூட அதில் தெரிந்தது. வண்டிக்கு அடியில் படுத்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனைவி கேட்டாள். "நான் பார்ப்பேன்" என்றார்.

மாமனார் குடிநீர் வாரியத்தில் இருந்தவர். மலைமேல் அவர் முன்னின்று கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பாதை முழுக்கக் கல்லும் குழியும், காரெல்லாம் ஏறாது. அவருக்கோ முட்டி தேய்ந்துவிட்டது, நடந்து போக வழியில்லை. மகள்களையும் பேத்தியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தத் தொட்டியைக் காட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவது, மாப்பிள்ளைதான் ஓட்டுவது என்று முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலை மச்சினி தன் சின்னப் பெண்ணோடு வந்து இறங்கினாள். மனைவிக்குத் தங்கை. பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற வேலை. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பிரேக்'தான். அவள் வாய்க்கு மட்டும் அது கிடையாது.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "அத்தான், ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கு. கை வைக்கவே பயமா இருக்கு."

பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. "அடியில பாரு. அங்கதான் விஷயமே."

அடியில் அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது பிரேக் குழாயைப் பற்றி. பழைய குழாய் சேசிஸ் ஓரமாக ஏறி, இறங்கி, ஓரிடத்தில் சோம்பேறித்தனமாக ஒரு வளையமும் போட்டுக்கொண்டு போயிருந்தது. அவருக்கு அது கண்ணை உறுத்தியது. புதுக் குழாயை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓட்டினார். பழைய குழாயை சாணுக்கு ஒரு கிளிப் பிடித்திருந்தது. அந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்துப் பட்டி போட்டு, மேலே பெயிண்ட் அடித்தாயிற்று. இப்போது மொத்த நீளத்துக்கும் மூன்றே கிளிப். பின் அச்சுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் தொங்கி அசிங்கமாகத் தெரிந்ததால், அதையும் ஒரு பிளாஸ்டிக் நாடாவால் மேலே இழுத்துக் கட்டியிருந்தார்.

மச்சினி அடியில் போய்ப் படுத்து, குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"பழைய கிளிப் இருந்த ஓட்டையெல்லாம் எங்க அத்தான்?"

"அடைச்சுட்டேன். அடையாளம் தெரியுதா?"

"தெரியல."

"அதான் வேலை."

"அதான் வினை. மூணு கிளிப்புல குழாய் ஆடி ஆடியே விட்டுப்போகும். ஜாக்கியை எடுங்க."

"நேத்து தெருவுல ஓட்டிப் பார்த்தாச்சும்மா. மிதிச்சா நச்சுனு நிக்குது."

"தெருவுல எல்லா வண்டியும் நிக்கும்."

அவர் வழக்கம்போல் ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொண்டுபோனார். அவள் அதைப் பிடுங்கி சேசிஸுக்கு அடியில் வைத்தாள். வண்டி மேலே எழும்ப எழும்ப, பின் சக்கரம் தரையை விட்டுக் கீழ்நோக்கித் தொங்கியது. சக்கரம் இறங்கினால் அச்சும் கூடவே இறங்கும். அச்சோடு ஹோஸும் இறங்க வேண்டும். அதற்குத்தான் வழியில்லை, நாடா இழுத்துப் பிடித்திருந்தது. ஹோஸ் கொடிக்கயிறு மாதிரி விறைத்துக்கொண்டது. அது இழுத்த இழுப்பில் நேரான குழாயின் நுனி லேசாக வளைந்ததைப் பெயிண்டர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

"தொட்டுப் பாருங்க" என்றாள்.

தொட்டார். விரலுக்கு அது கொஞ்சமும் அமுங்கவில்லை.

"மலையிறக்கத்துல ஒரு சக்கரம் குழிக்குள்ள இப்படித்தான் தொங்கும். அந்த நேரத்துல நீங்க பிரேக்கை மிதிப்பீங்க. குழாய் பிச்சுக்கிட்டா பிரேக் ஆயில் மொத்தமும் வெளியில, வண்டி நிக்காது."

டிரைவர் சீட்டில் அவள் பெண் ஏறி உட்கார்ந்து, வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா ஓட்டினா?" என்று இழுத்தார் பெயிண்டர். கேட்கும்போதே அவருக்கே வெட்கமாக இருந்தது.

"என் பொண்ணை இதுல ஏத்த மாட்டேன் அத்தான். அக்காவையும் ஏற விடமாட்டேன். பயணம் இல்லைன்னு அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாமனார் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், மறுநாளைக்கு. அவர் முகத்தில் விழித்து அதைச் சொல்வதைவிட டிரில்லைத் தேடுவது சுலபமாக இருந்தது.

முதல் ஓட்டையைப் போட்டபோது பெயிண்டருக்குத் தன் பல்லைத் தானே பிடுங்குவதுபோல இருந்தது. கறுப்புப் பெயிண்ட் சுருள் சுருளாக அவர் மார்பில் உதிர்ந்தது. இவளை யார் கூப்பிட்டது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த ஓட்டைக்குப் போனார். நாலைந்து ஓட்டைக்குப் பிறகு திட்டுவதை மறந்து அவளைப் பார்க்க ஆரம்பித்தார்.

டேப்பை அவள் தொடவேயில்லை. கையை விரித்து சாண் வைத்தாள், அங்கே சாக்பீஸால் புள்ளி வைத்தாள். புதுக் குழாய் ஒன்றை ஒரு பெயிண்ட் டப்பாவைச் சுற்றி வளைத்தாள், ஒரு இடத்திலும் நசுங்கவில்லை. சைலன்சர் பக்கம் வந்ததும் குழாயை ஒதுக்கிக் கொண்டுபோனாள். ஒவ்வொரு கிளிப்புக்கும் உள்ளே ரப்பர் வைத்தாள். எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் முறுக்கிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். "குழாய் உள்ள ஆடவும் கூடாது, கிளிப் அதைக் கடிக்கவும் கூடாது" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டாள். நாடாவை வெட்டி எறிந்தாள். ஹோஸ் பழையபடி அசிங்கமாகத் தொங்கியது. பெயிண்டருக்கு இப்போது அது அசிங்கமாகத் தெரியவில்லை.

அதோடு விட்டாளா? சக்கரத்தை மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தாள். வண்டியை இறக்கி, அப்பா, அக்கா, பக்கத்து வீட்டுக் குண்டு டெய்லர் எல்லோரையும் ஏற்றி உட்காரவைத்து, அமுங்கிய நிலையில் பார்த்தாள். ஸ்டியரிங்கை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, முன்பக்க ஹோஸ்மேல் கையை வைத்துக்கொண்டே கூடப் போனாள். நாளைக்கு அந்தப் பாதை வண்டியை என்ன பாடுபடுத்துமோ, அதையெல்லாம் இன்றைக்கே வாசலில் வைத்துப் படுத்திப் பார்த்துவிட்டாள். பெயிண்டர் இத்தனை வருடமும் வண்டிகளை நின்ற இடத்திலேயே பார்த்துப் பழகியவர். ஓடும்போது அது குலுங்கும், நெளியும், தொங்கும் என்று அவர் கைக்குத் தெரியாது. முதலில் அவருக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அதுவும் போய், இவள் நம் வீட்டுப் பெண் என்ற பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் குழாய்க்குள் இருந்த காற்றை எடுக்க வேண்டும். மனைவி பெடலில் காலை வைத்தாள். "அமுக்கு... பிடி... விடு" என்றார் பெயிண்டர் அடியிலிருந்து.

"கல்யாணமான நாளா உங்க பேச்சை நான் கேக்கறது இதான் முதல் தடவை, அனுபவிச்சுக்கோங்க" என்றாள் அவள்.

மச்சினி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முடிஞ்சது."

பெயிண்டர் எழவில்லை. டார்ச்சை முன்பக்கம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வா. இந்த இடத்துல பளபளப்பு செத்திருக்கு."

அவள் மறுபடி படுத்து உற்றுப் பார்த்தாள். "எங்க? ஒண்ணுமே தெரியலயே."

"கடுகு அளவு. காலையில இது இல்ல. ஏதோ வந்து உரசுது."

மனைவி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். இடது கோடிவரை வந்து, மேலும் ஒரு அழுத்து அழுத்தியபோது, இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே குழாய் மெல்லத் துள்ளி சரியாக அந்தக் கடுகின் மேல் போய் உட்கார்ந்தது. மச்சினி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் கண்ணுல சிக்கவேயில்ல அத்தான். பெயிண்ட் அடிக்காம விட்டிருந்தா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

யாரும் சொல்லாமலே பெயிண்டர் டிரில்லை எடுத்தார். இந்த ஓட்டை வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பார்த்துவிட்டு மத்தியான வெயிலில் இறங்கினார்கள். முன்சீட்டில் மாமனார், மலைக்கு மேலே இரும்புக் குழாய் ஏற்றிய கதையை ஆரம்பித்திருந்தார். பின்னால் அக்காவும் தங்கையும். தங்கை மடியில் பெண் தூங்கிவிட்டாள். செங்குத்தான ஒரு திருப்பத்தில் பின் சக்கரம் ஒன்று தரை தட்டாமல் குழிக்குள் இறங்கியது. அதே நேரம் மேட்டிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு வந்து பாதையின் குறுக்கே விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

பெயிண்டர் பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது. கல்லுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடம் இருந்தது.

"அப்ப அந்த இன்ஜினியர் என்ன சொன்னான்னா..." என்று மாமனார் கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் பூரிப்பாக எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை கண் விழிக்கவில்லை.

பெயிண்டர், தன் வேலையை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்றே வாழ்நாளெல்லாம் வேலை செய்தவர். யாருமே கவனிக்காமல் போனதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"ஏன் நிக்கறீங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்ல மாமா, ஒரு கல்லு. நீங்க சொல்லுங்க, இன்ஜினியர் என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே பெயிண்டர் கல்லை விட்டு விலகி மேட்டோரமாக ஸ்டியரிங்கை ஒடித்தார்.