கிரேன்காரரின் இருமல்

மீட்டர்காரர் செய்த நாலாவது பெட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முதல் முறையாக இருமியது. அப்போது வீட்டில் அவர் மட்டுமே இருந்தார். பெட்டி சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது. முதலில் இரண்டு சின்ன இருமல், பிறகு நெஞ்சைப் பெயர்க்கும் ஒரு நீள இருமல், கடைசியில் சளியை விழுங்குவது போல ஒரு சத்தம். அது தன் மச்சானுடைய இருமல்தான் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மச்சானோ அந்த நேரத்தில் எதிர்வரிசை முடிவெட்டும் கடையில், முகம் நிறைய நுரையோடு, ஒரு தடவைகூட இருமாமல் கதை அளந்துகொண்டிருந்தார்.

மீட்டர்காரர் இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர். குனிந்து குனிந்தே முழங்கால் இரண்டும் போய்விட்டன. வேலையை விட்டபின், துணி காயப்போடும் பின்னறையில் ஒரு பலகையைப் போட்டு மரவேலையில் இறங்கினார். அதற்குக் காரணம் அவர் மனைவியின் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்தபின் ஒரு தகரப் பெட்டியோடும், புகை பிடிக்கும் ஆறு சுங்கான் குழாய்களோடும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். புகைத்து முடித்ததும் சுங்கானைக் கைபோன இடத்தில் வைத்துவிடுவார். ஜன்னல் விளிம்பில் ஒன்று, சோப்புக்குப் பக்கத்தில் ஒன்று, செருப்புக்குள் ஒன்று. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை வீடு திரும்பியதும் முதலில் செய்வது சுங்கான் பொறுக்குவதுதான். அதைப் பார்க்கச் சகிக்காமல், பழைய கட்டில் சட்டத்தை அறுத்து மீட்டர்காரர் ஒரு தாங்கி செய்தார். கீழ்ப்பலகையில் கிண்ணம் உட்கார ஆறு குழி, மேல்பலகையில் தண்டு சாய ஆறு வெட்டு. கிரேன்காரரின் கூட்டாளிகள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் கேட்டார்கள். தாங்கிக்குப் பிறகு, உள்ளே வெல்வெட் ஒட்டிய பெட்டிகளும் செய்யத் தொடங்கினார்.

நாலாவது பெட்டி மட்டும் யாரும் கேட்டுச் செய்ததல்ல. கிரேன்காரரின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், புகையை நிறுத்தாவிட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். ஊருக்கே இருமல் மருந்து எடுத்துக் கொடுப்பவள், அண்ணனிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள். மீட்டர்காரருக்கு மச்சானிடம் நேருக்கு நேர் பேசும் தைரியம் கிடையாது. அவருடைய கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, ஒற்றைக் காலில் நின்று நடத்தி வைத்தவர் அந்த மச்சான். அதனால் வாயால் சொல்ல முடியாததை மரத்தால் செய்துவிடலாம் என்று நினைத்தார். மூலைகளைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து, காற்றுக்கூடப் போகாத மூடி போட்டு, கையை வலிக்கவைக்கும் இரண்டு கொண்டிகள் அடித்தார். திறப்பதற்குள் ஆசை அடங்கிவிடும் என்பது அவருடைய திட்டம். கிரேன்காரர் தன் செல்லச் சுங்கானை அதற்குள் வைத்து மூடினார். மறுநாள் காலை அவர் இருமவில்லை. அன்று பிற்பகல் பெட்டி இருமியது.

அந்த வாரக் கடைசியில் தங்கை தூசி தட்டும்போது மூடியை ஒரு விரல் அளவு தூக்கினாள். அதே நொடியில் மாடிப்படியில் கிரேன்காரர் இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முகம் நீலம் பாரித்துவிட்டது. மூடியை அழுத்தியதும் இருமல் நின்றது. அதன்பின் அதை யாரும் தொடவில்லை. மழைக்காலம் வந்தது, போனது. கிரேன்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி பயமில்லை என்று மற்ற ஐந்து சுங்கான்களிலும் முன்னைவிட இரண்டு மடங்கு புகைத்தார். வரவேண்டிய இருமல் அத்தனையும் பெட்டிக்குப் போயிற்று. பெட்டி வருடத்துக்கு வருடம் கனத்தது.

கிரேன்காரர் முடிவெட்டும் கடையில் சொன்ன விஷயம் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பேருந்து ஓட்டுநர் வந்தார், பத்திரம் எழுதுபவர் வந்தார், ஒரு தலைமையாசிரியர் முக்காடு போடாத குறையாக வந்தார். அவரவர் இருமலை அடைக்க, மூன்று வருடத்தில் ஒன்பது பெட்டிகள். இருமும் பெட்டியோடு குடித்தனம் நடத்த முடியாது என்று அவர்களுடைய வீட்டுக்காரிகள் சொல்லிவிட்டதால், அத்தனையும் மீட்டர்காரர் வீட்டுச் சுவர்ப் பலகைகளிலேயே தங்கிவிட்டன. எந்த இருமல் யாருடையது என்று அவர் பார்க்காமலே சொல்லுவார்.

ஆனால் மரம் மரம்தான். வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது சுருங்கும். எங்கேயாவது டிக் என்று ஒரு சத்தம் கேட்டால் மீட்டர்காரர் உடனே எழுந்துவிடுவார். மெழுகுக்கட்டியோடு பெட்டி பெட்டியாகக் காதை வைத்துக் கேட்பார். மூலைகளில் பித்தளைப் பட்டை அடிப்பார். ஓட்டுநரின் பெட்டிக்கு மட்டும் தனிக் காவல். காலை ஏழரை முதல் ஏழே முக்கால் வரை, பேருந்து ஆற்றுப் பாலத்தில் போகும் நேரம், அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டார். புருஷனும் மனைவியும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று வருடமாயிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியாது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். "இத்தனை பேரோட இருமலுக்கு நடுவுல உங்க குரலை நான் சரியாக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். தலைமையாசிரியரின் பெட்டி இருமியது.

நாலாம் வருடக் கோடையில், எல்லாவற்றிலும் கனமான கிரேன்காரரின் பெட்டி மூலை விட்டது. பித்தளைப் பட்டை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கோர்த்திருந்த பற்களில் இரண்டு உடைந்தன. மீட்டர்காரர் பெட்டியை மார்போடு கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். ஒரு கையை எடுத்தாலும் பிளந்துவிடும். பசைப் புட்டி ஐந்தடி தூரத்தில் இருந்தது. மனைவி மருந்துக்கடையில். பெட்டி இருமும்போதெல்லாம் அவர் விலா எலும்புகள் சேர்ந்து குலுங்கின. பகல் சாப்பாட்டுக்கு வந்த கிரேன்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எவ்வளவு நேரமா இப்படிப் புடிச்சிட்டு இருக்கீங்க மாப்பிள்ளை?"

"காலையிலேருந்து."

"கையை எடுங்க."

"எடுத்தா நீங்க இருக்க மாட்டீங்க மச்சான்."

கிரேன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். வாயில் இருந்த சுங்கானை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார்.

"மொத்தமா எடுத்தாத்தானே போவேன்? கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. என்னோடதுதானே, நீங்க ஏன் சுமக்கணும்?"

மீட்டர்காரர் கையை ஒரு நூல் அளவு தளர்த்தினார். கிரேன்காரர் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து சரியவில்லை. போதும் என்று கையைக் காட்டியதும் மாப்பிள்ளை மறுபடி இறுக்கினார். சாயங்காலம் மனைவி வந்து பசை தடவிக் கயிறு போட்டுக் கட்டும்வரை இருவரும் அப்படியே எதிரெதிரே இருந்தார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு, பின்னறையில், மூடியை ஒரு நூல் தூக்கி அரை மணி நேரம். கிரேன்காரர் ஒரு துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமுவார். மாப்பிள்ளை மூடியின் மேல் கை வைத்திருப்பார். மேசைமேல் கவிழ்த்த சுங்கானைக் கிரேன்காரர் திரும்ப எடுக்கவேயில்லை. மற்றவர்களுக்கும் ஆள் சொல்லி அனுப்பப்பட்டது. ஓட்டுநர்தான் முதலில் வந்தார், விடுப்பு எடுத்துக்கொண்டு. அவருடைய வீட்டுக்காரி ஒரு தலையணையும் கொண்டுவந்தாள். ஒவ்வொருவரும் தங்கள் பங்கை இருமித் தீர்த்துவிட்டு, காலிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோனார்கள். இரண்டு வருடத்தில் சுவரில் கிரேன்காரருடையது ஒன்றுதான் மிச்சம். அந்தக் கோடையில் மீட்டர்காரரும் மனைவியும் வீட்டைக் கிரேன்காரரிடம் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போய்வந்தார்கள்.

மூன்றாம் வருடம், பெட்டி பாதிக்குக் கீழே வந்திருந்தபோது, ஒரு காலை கிரேன்காரர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு சுத்தமாக இருந்தது, இதயம்தான் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபின், மீட்டர்காரர் பெட்டியைத் திறந்து காலி செய்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். இனி யாரையும் அது ஒன்றும் செய்யாது. அவள் வேண்டாம் என்றாள்.

அன்றிலிருந்து மருந்துக்கடையிலிருந்து வந்ததும் அவள் பின்னறைக்குப் போய் மூடியை ஒரு நூல் தூக்குவாள். அண்ணன் ஒரு தடவை இருமுவார். அவள் மூடிவிட்டுச் சமைக்கப் போவாள். மீட்டர்காரர் பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்து, நாளைக்கு ஒன்று வீதம் எடுத்தால் இன்னும் பதினாறு வருடத்துக்கு வரும் என்று சொன்னார். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதை நிறுத்திக்கொண்டாள்.