கீழ் இரண்டு துளைகள்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு தவறு செய்துவிட்டேன். ஸ்கேன் படத்தின் அளவைக் குறுக்கில் மட்டும் சரிபார்த்தேன், நெடுக்கில் பார்க்கவில்லை.

ஸ்கேன் செய்த படத்துக்குத் தன் அளவு தெரியாது. கணினியில் ஏற்றிய பிறகு, தாளில் எழுதியிருக்கும் ஏதாவது ஓர் அளவோடு அதைப் பொருத்த வேண்டும். மேலே 240 என்று தெளிவாக இருந்தது, பொருத்தினேன். உயரத்தின் அளவு தாள் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. ஒரு பக்கம் சரியானால் மறுபக்கமும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, படத்தின் மேலேயே கோடு போட்டு, பத்து மில்லி கனம் கொடுத்து, வெட்ட அனுப்பினேன்.

இடக்கொச்சியில் செல்லதுரை அண்ணாச்சி நடத்தும் படகு ஒர்க்‌ஷாப்புக்கான தகடு அது. தண்ணீர் பம்பைத் தாங்கும் தகடு, ஆறு துளைகள். அவருக்கு வரைபடம் போட ஓர் ஆள் வேண்டும். கணினியில் வரைபடம் கற்றுத் தரும் எங்கள் மாலை வகுப்பிலிருந்து நான் அல்லது நிகில். முதல் தகடு என் கைக்கு வந்தது. அது பொருந்தினால் வேலை எனக்கு. தோப்பும்படி டைல்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பதிலிருந்து எனக்கு விடுதலை.

இன்று ஆறே கால் மணிக்கு, நனைந்த சட்டையோடு வகுப்புக்குள் வந்த அண்ணாச்சி, என் கீபோர்டின் மேலேயே தகட்டைப் போட்டார்.

“ஏ புள்ள கங்கா, இது என்ன தகடா, தோசைக்கல்லா? மேல நாலு போல்ட்டும் ஏறிட்டு. கீழ ரெண்டும் ஏறல. நாலு மில்லி தள்ளி நிக்கி. தடைக்காலம் முடிஞ்சு எல்லாவனும் கடலுக்குப் போயாச்சு. என் பார்ட்டி மட்டும் கரையில நின்னு என்னைய ஏசுதான்.”

பக்கத்து இருக்கையில் நிகில் சிரித்தான். “பாண்டிக்கு ஒழுங்கா ஒரு வட்டம் வரைய அறியாது. அதுக்கு வேலை வேற.”

அவன் வீட்டிலும் தமிழ்தான். பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆனதால், தென்காசியிலிருந்து வந்த நாங்கள் அவனுக்குப் பாண்டி.

“கேட்டேளா செல்லதுரை, இதை நிகில்கிட்டதான் குடுக்கணும்னு நான் அப்பவே நெனச்சேன்,” என்றார் வகுப்பு எடுக்கும் சங்கர்ராம் சார். நான் வரைந்ததைப் பார்த்து, அனுப்பலாம் என்று சொன்னவரும் அவர்தான்.

இரண்டு நிமிடம் அவகாசம் கேட்டேன். கோப்பைத் திறந்து, மேல் துளைகளின் மேல் வட்டம் வைத்தேன், அப்படியே உட்கார்ந்தது. கீழ்த் துளைகளில் உட்காரவில்லை. படத்தில் அவை குறுக்கே பதினான்கு மில்லி, நெடுக்கே பதின்மூன்றுகூட இல்லை. அண்ணாச்சியிடம் அசல் தாள் இருந்தது. அதில் ஸ்கேல் வைத்துக் காட்டினேன். நல்ல வட்டம்.

“தாள்ல சரியா இருக்கு. ஸ்கேன்லதான் நசுங்கியிருக்கு,” என்றேன். “ஸ்கேன் செஞ்சது நிகில். தாள் பாதியில சிக்குச்சு. இவன் பிடிச்சு இழுத்தான்.”

“மெஷின் பழசு. இழுக்காம பின்ன, பூஜை செய்யணுமா?”

“இழுத்ததைச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியோ?” நாற்காலியை என் பக்கம் திருப்பினான். “சரி, நீதானே வரைஞ்சே. துளை கோழிமுட்டை மாதிரி இருக்கறது நோக்குக் காணலையோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காணவில்லை என்று சொல்லியிருந்தால் பழி முழுக்க அவன் மேல் விழுந்திருக்கும். ஆனால் நேற்று நான் பார்த்தேன். வட்டம் பொருந்தவில்லை. என் கைதான் தவறு என்று நினைத்து மூன்று முறை அழித்து வரைந்தேன். கடைசியில் நடுவில் ஒரு வட்டத்தை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். சாரிடம் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார் என்று கேட்கவில்லை.

“பார்த்தேன்,” என்றேன்.

நேர்மையால் சொன்னேனா, நான் அழித்து அழித்து வரைந்ததை நிகில் பார்த்திருப்பான் என்ற பயத்தில் சொன்னேனா, தெரியவில்லை. பயம்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

“நல்லா இருக்குலே உங்க கூத்து,” என்றார் அண்ணாச்சி. “ஒருத்தன் இழுத்துட்டு வாயத் தொறக்கல. ஒருத்தி பாத்துட்டு வாயத் தொறக்கல. இதுல நான் எவரச் சேக்க?”

“நிகில் இன்னிக்கே வேற வரைஞ்சு தருவான்,” என்றார் சார்.

“எத வச்சு வரைவான்? அதே படத்த வச்சா?” அண்ணாச்சி தகட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். “ஏ புள்ள, காலைல பம்ப எறக்கி வைக்கேன். வந்து நீயே அளந்து, அங்கேயே உக்காந்து போட்டுக் குடு. உம் மேல பாசம்னு நெனச்சுக்காத. கெடுத்தது நீ, நீதான் செய்யணும். பன்னெண்டு மணிக்குள்ள ஆறு போல்ட்டும் ஏறலன்னா அப்புறம் அந்தப் பக்கமே வராத.”

அவர் போனதும் சார் என் கணினியை அணைத்தார். வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. “இன்ஸ்டிட்யூட் பேரைக் கெடுத்தது போறும். நாளைக்கும் சொதப்பினா சர்ட்டிபிகேட்டுக்கு என்கிட்ட வராதே.”

நிகிலை அவர் கண்டிக்கவில்லை. படியிறங்கும்போது அவன் பின்னாலிருந்து, “ஏழாம் துளையும் போட்டுண்டு வா, பாண்டி,” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்; அது அவனுக்குக் கிடைக்கக்கூடாது.

டைல்ஸ் கடைக்கு நாளை லீவு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், காய்ச்சல் என்றேன்.

நாளை: ஏழு மணி பஸ்ஸில் இடக்கொச்சி. வெர்னியர் அளவுகோல், நோட்டு, லேப்டாப், சார்ஜர். பம்பின் அடியில் ஆறு துளைகளையும் குறுக்கிலும் நெடுக்கிலும் தனித்தனியே, இரண்டு முறை அளக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் ஸ்கேன் படம் வைக்காமல், அளந்த எண்களை மட்டும் வைத்து வரைய வேண்டும். வெட்டும் முன் அட்டையில் ஒன்று வெட்டி, பம்பின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.