ஒரே ஒரு தட்டு

அந்தத் தெருவில் அவருக்குத் தட்டு வைத்தியர் என்று பெயர். தொழில் என்னவோ படங்களுக்குச் சட்டம் போடுவதுதான். ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். ரேடியோ கரகரத்தாலும் சரி, தண்ணீர் மோட்டார் முனகினாலும் சரி, அக்கம்பக்கத்தார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போவார், காதை வைத்துக் கேட்பார், ஓர் இடம் பார்த்து 'டொக்' என்று ஒன்று வைப்பார். சும்மா சொல்லக்கூடாது, பாதிக்குப் பாதி தேறிவிடும். தேறாத பாதியைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார்.

இந்தப் புகழுக்கெல்லாம் அஸ்திவாரம் வீட்டு வாசலில் நின்ற பழைய கார். வெறுமனே சாவியைத் திருகினால் அது கிளம்பாது. பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கு போட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பாயிண்ட் என்ற சின்னத் தகடு விடுபட்டு வண்டி உறுமும். அந்தத் தட்டு அவர் கைக்கு மட்டுமே வாய்த்தது. மனைவி தட்டினால், "மெதுவாத் தட்டிட்டே" என்பார். அழுத்தித் தட்டினால், "இப்படியா போட்டு மொத்துவாங்க?" என்பார். அவள் லைசென்ஸ் வாங்கி, அவரைவிட நன்றாகவே ஓட்டப் பழகியும் என்ன பிரயோஜனம்? போகிற இடமெல்லாம் புருஷனையும் சுத்தியலையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதில் அவருக்கு உள்ளூரக் கொள்ளைச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இப்போது வினை வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகள் வளரட்டும், வளரட்டும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் கிடைத்த வேலை. விடியற்காலை ஷிப்ட், அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஷிப்ட் முடியும்வரை புருஷனையும் சுத்தியலையும் அங்கே உட்காரவைக்கவும் முடியாது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். லிஃப்ட் மெக்கானிக்.

"பாயிண்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிடலாம் அத்தான். தட்டவும் வேணாம், முட்டவும் வேணாம். சாவியைத் திருகினா போதும்."

"இதென்ன உன் லிஃப்ட்டா மச்சான், பட்டனை அமுக்கினதும் மேல போறதுக்கு? சரி, மாட்டு. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா ஸ்டார்ட் ஆகலைன்னா பழசையே மாட்டிடணும். இவ பாதி வழியில நின்னா யாரு போறது?"

"அதெல்லாம் நிக்காது," என்றாள் அவள்.

மதியத்துக்குள் மாட்டி முடித்தான். சாவியைத் திருகியதுதான் தாமதம், வண்டி பிடித்துக்கொண்டது. அவள் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினாள். வைத்தியர் முகத்தில் ஈயாடவில்லை. "பரவாயில்லையே," என்று மட்டும் சொல்லிவைத்தார்.

வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பி கை கழுவப் போனான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் இவர் பானெட்டை மூடி வைத்தார். மூடும் முன், வழக்கம்போல, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு தட்டு.

அவள் சாவியைத் திருகினாள். ஸ்டார்ட்டர் 'உர்ர் உர்ர்' என்று சுற்றியதே தவிர என்ஜின் மூச்சு விடவில்லை.

"ஆகா! பார்த்தியா மச்சான்?" என்றார் வைத்தியர். அந்த 'ஆகா'வில் இருந்த உற்சாகம் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

தம்பி ஈரக் கையோடு ஓடி வந்தான். பேட்டரி நன்றாயிருந்தது. பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறிதான் இல்லை. ஒயரை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனவன், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் புதிதாக வந்திருந்த சின்னக் கிளிப்பை அழுத்தினான். "லேசா விலகியிருக்கு. நான்தான் சரியா மாட்டல போல." வண்டி மறுபடி உறுமியது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க உள்ளே போனான். இவர், தூக்கி நிறுத்தியிருந்த பானெட்டின் மறைவில் நின்று, மூடும் முன், 'டொக்'.

வண்டி செத்தது.

தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டான். இக்னிஷன் காயிலை மாற்றினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்தான். புது இக்னிஷன் டப்பாவைத் திட்டினான், அதை விற்றவனைத் திட்டினான், விற்றவனைப் பெற்றவர்களையும் விடவில்லை. கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டியதும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

"நிறுத்திட்டு இன்னொரு தடவை திருகிப் பார்க்கலாம் அக்கா. மூடிடுங்க அத்தான்," என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தான்.

இவர் கை தன்பாட்டுக்குப் போனது. டொக். இந்தத் தடவை கண்ணும் அங்கே இருந்தது. அந்தச் சின்னக் கிளிப் குதித்துக் கழன்றதை அவர் பார்த்தார்.

அடப்பாவி, நான்தானா?

கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். விரலும் போனது. போன விரல் பாதியில் நின்று, திரும்பி வந்தது. பானெட்டை மூடினார்.

'உர்ர் உர்ர்.'

"என்னால முடியலக்கா," என்றான் தம்பி. "பழசையே மாட்டிடறேன்."

அவள் ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "சரிடா, மாட்டிடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன், வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

காய்காரரிடம் ஒரு கத்திரிக்காய்க்காக அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிறவள். சண்டை போட்டிருந்தால் இவரும் பதிலுக்குப் போட்டு ஜெயித்திருப்பார். 'சரி' என்றவளோடு எப்படிச் சண்டை போடுவது? போனில் அவள் நம்பர் தேடத் தொடங்கியதும், கார் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டித் தடுத்தார்.

"போன் பண்ணாதே," என்றார். "கிளிப் கழண்டிருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தட்டினேன்."

"எப்போ?"

"இப்போ."

தம்பி வண்டியிலிருந்து இறங்கினான். "அதுக்கு முன்னாடி அத்தான்?"

"அப்பவும்."

"அதுக்கும் முன்னாடி?"

"வழக்கம்தானேப்பா!"

தம்பி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "கார் திருடு போகாம இருக்க இனிமே பூட்டே வேணாம். உங்களை வாசல்ல நிறுத்தினா போதும்!"

அவள் சிரிக்கவில்லை. இவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "முதல் ரெண்டு தடவை பழக்கத்துல கை போயிடுச்சு. மூணாவது தடவை கழண்டதைப் பார்த்தேன். பார்த்துட்டும் மூடிட்டேன்."

"ஏன்?"

"வண்டி தானா கிளம்பிட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்தது; கூடவே என்னவோ வந்து அந்தக் கோபத்தைக் கெடுத்தது. "புத்தி இருக்கா உங்களுக்கு? விடியக்காலைல எந்திரிச்சு டீ போடறது யாரு? கேட்டைத் திறந்து விடறது யாரு? லிஃப்ட்காரனா?" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "சுத்தியலைக் குடுங்க."

கொடுத்தார். அது அவளுடைய கைப்பைக்குள் போனது. தம்பி கிளிப்பை இறுக்கி மாட்டினான்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அவர் டீ போட்டார். சர்க்கரை கூடிப்போனது, அவள் முழு டம்ளரையும் குடித்தாள். கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். சாவி ஒருமுறைதான் திரும்பியது. வண்டி கிளம்பி, அவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. அந்தரத்தில் நின்ற கையை என்ன செய்வதென்று தெரியாமல், டாட்டா காட்டினார்.

தெருமுனையில் அவள் ஹாரனை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.