உறைய வைக்க வந்தவர்

அப்பா உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, கொரீன் வாசலில் ஐஸ் மூட்டைகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அரிசோனா வெயிலில் அவை படியேறுவதற்குள்ளேயே சொட்டத் தொடங்கின.

"பார்ட்டியான்னு கடைக்காரன் கேட்டிருப்பானே?" அண்ணன் டுவைட் கதவில் சாய்ந்தபடி நின்றான். ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை.

"கேட்டான். ஆமான்னுட்டேன்."

அப்பா மெர்ல் பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்தவர். செத்தபிறகு புதைக்க வேண்டாம், உறைய வைத்துவிடுங்கள், என்றைக்காவது வைத்தியம் வளர்ந்து எழுப்ப முடிந்தால் எழுப்பட்டும் என்று சொல்லிவிட்டார். "இன்னிக்கு ரிப்பேர் தெரியலன்னா வண்டிய ஷெட்ல விடு. நசுக்கிடாதே" என்பது அவர் கட்சி. பொறுப்பை மகள் கையில் கொடுத்திருந்தார். மூச்சு நின்றதும் அவள் சரி என்றால்தான் உறைநிலைக் காப்பகத்தின் ஆட்கள் உடம்பைத் தொட முடியும். தாமதித்தால் மூளை கெட்டுவிடும். அப்புறம் உறைய வைத்தும் பயனில்லை.

நேற்றுவரை கொரீனுக்குச் சந்தேகமே இல்லை. இன்று காலை டுவைட் ஒரு பத்திரிகைப் படத்தைக் காட்டினான். காப்பகத்தின் தலைவர் ஆன்சல் பிராண்ட், உடையில்லாமல் விடுமுறை கழிக்கும் நிர்வாணிகள் முகாமில், டென்னிஸ் மட்டையோடு. உடம்பில் தொப்பி மட்டும்.

"சட்டை இல்லாம நம்ம அப்பா வாசல்ல பேப்பர் எடுக்கக்கூடப் போனதில்ல. அவர இந்தாளு கையிலயா குடுக்கப்போறே?"

"லீவு நாள்ல அவர் எப்படித் திரிஞ்சா நமக்கென்ன?"

சொன்னாளே தவிர, குரலில் பிடிப்பில்லை. அந்த ஆன்சல் இப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். காலர் வரை பொத்தான் போட்ட சட்டை. பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் குழாய்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"கொரீன்." நர்ஸ் இமெல்டாவின் குரல். "வந்துடுங்க."

அப்பாவின் மூச்சு ஒருமுறை நீண்டு இழுத்தது. அடுத்தது வரவில்லை. இமெல்டா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு முடிந்துவிட்டது என்று தலையசைத்தாள்.

கொரீனின் கை தானாகப் போய்ப் போர்வையை அப்பாவின் கழுத்துவரை இழுத்து, ஓரங்களைச் செருகிவிட்டது. அவர் கால்கள் சில்லிட்டிருந்தன.

"போர்வை வேண்டாம்மா. இனிமே சூடுதான் அவருக்குக் கெடுதல்." வாசற்படியிலேயே நின்றார் ஆன்சல். "நீங்க சொன்னாதான் உள்ள வருவேன்."

"சொல்லாதே," என்றான் டுவைட். "அம்மா கல்லறை பக்கத்துல இடம் இருக்கு. அமைதியா படுக்கட்டும்."

"என்னைப் பிடிக்கலன்னா நான் வாசல்லயே நின்னுக்கறேன் டுவைட். என் ஆளுங்க செய்வாங்க. மெர்லைக் காக்க வைக்காதீங்க."

கொரீன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். கையுறை மாட்டி, தயாராக, அசையாமல் இருந்தன.

போர்வையை உருவிக் கீழே போட்டாள். "நீங்களே செய்ங்க."

அடுத்த நொடியில் அறை மாறிப்போனது. இரண்டு பேர் தொட்டியைக் கட்டிலோடு சேர்த்தார்கள். மூளைக்கு ரத்தம் நிற்காமலிருக்க மார்பை அழுத்தும் இயந்திரம் வந்தது. ஆனால் ஆன்சல் முதலில் எடுத்தது ஒரு பெரிய வெள்ளைத் துண்டு. அதை அப்பாவின் இடுப்பில் விரித்து, ஓரங்களை மடித்து, அதன் அடியில் கைவிட்டுத்தான் பைஜாமாவைக் கழற்றினார்.

"கொரீன், இமெல்டா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. ஊசி, மருந்து, எதைப் பத்தியும் மெர்ல் கேக்கல. இது ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டாரு."

கொரீன் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. "மெர்ல், இப்ப தூக்கப்போறோம். தலைய நான் பிடிச்சிருக்கேன். தண்ணி சில்லுன்னு இருக்கும்." உயிரோடிருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசினார். பிறகு ஐஸ் கொட்டும் ஓசை. நின்றது. மறுபடியும் கொட்டியது.

திரும்பியபோது, மூட்டையைக் கிழித்துக் கொட்டிக்கொண்டிருந்தவன் டுவைட். இயந்திரத்தின் அதிர்வில் துண்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. அவன் காலி மூட்டையைப் போட்டுவிட்டு, அதைப் பழையபடி செருகினான்.

"இன்னும் ஐஸ் வேணுமா?" என்றான், யாரையும் பார்க்காமல்.

"தோள் பக்கம்," என்றார் ஆன்சல். சட்டை முழுதும் நனைந்திருந்தது.

வேனில் ஏற்றியபோது ஒருவருக்குத்தான் இடமிருந்தது. ஆன்சல் நகர்ந்து உட்கார்ந்தார். டுவைட் தங்கையைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ஏறிக்கொண்டான்.

"சாப்டுட்டு வா," என்றான் கதவை மூடுமுன். "நான் கூடவே இருக்கேன்."

வேன் அவசரமில்லாமல் நகர்ந்தது. கானல் அலையும் அந்த நீண்ட தெருவில் வேறு வண்டியே இல்லை. ஆனாலும் முனையில் திரும்பும் விளக்கைப் போட்டு, சற்று நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது.