மொட்டைமாடியில் தண்ணீர் கட்டிய நாள்

என் அப்பாவுக்கு ஒரு வீடு, ஒரு மனைவி, ஒரு மகள். கவனிப்பும் இதே வரிசையில்தான். மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவார், ஜன்னல் கம்பிகளில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார். கடைசியாக இரும்பு ஏணியில் ஏறி மொட்டைமாடித் தரை முழுக்க சிமென்ட் பால் பூசுவார். ஏணி ஏறுவதெல்லாம் சமையலறைக் கூரையில் இருக்கும் ஈரத்திட்டுக்காக. எத்தனை பூச்சு பூசினாலும் அது போனபாடில்லை.

போன வருஷம் ஏணி சறுக்கி அவருக்கு முட்டி போனது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஏணிப் பக்கமே போகக் கூடாது என்றார். இந்த வருஷமும் வாசலில் சிமென்ட் மூட்டை வந்து இறங்கியிருக்கிறது என்று அம்மா போனில் சொன்னதும், லீவு போட்டுவிட்டுச் சண்டைக்கென்றே ஊருக்கு வந்தேன்.

“இந்த வீட்ட விக்கப் போறியாப்பா?”

“எவன் சொன்னான்?”

“அப்புறம் எதுக்கு, மதிப்பு இறங்கிடும் மதிப்பு இறங்கிடும்னு உயிர விடுற?”

“உனக்குப் படிக்கக் கடன் குடுத்தானே, பேங்குக்காரன் எதப் பாத்துக் குடுத்தான்? உன் மூஞ்சியயா?”

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலை எனக்குத் திறந்தது இந்தச் செங்கல்லும் சிமென்டும்தான். அது உண்மை என்பதாலேயே கோபம் தலைக்கேறியது.

“எங்க ஒழுகுதுன்னே தெரியாம கண்ட இடத்துலயும் பூசுவியா? இன்னைக்கு மாடியில தண்ணி கட்டிப் பாக்குறேன். மாடி ஒழுகலன்னா இனி நீ ஏணியத் தொடக் கூடாது.”

“ஒழுகுச்சுன்னா?”

“ஏறு. என் தலையில கால வச்சு ஏறு.”

மாடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைப் பழைய துணியால் அடைத்தேன். சமையலறைக்கு மேலே மாடி மூலையில் மேடை கட்டி வைத்த தொட்டியிலிருந்து டியூப் போட்டுத் தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தினேன். கீழே அப்பா ஈரத்திட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லி அம்மாவை ஸ்டூலில் ஏற்றினார். பிறகு தலையணையோடு சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுவுல இப்படிக் கெடந்தா ஆளத் தாண்டித் தாண்டியா அடுப்பப் பாக்குறது?” என்று அம்மா கத்தியது மாடிவரை கேட்டது.

வெயில் சாய ஆரம்பித்தது. கோட்டைத் தாண்டி ஈரம் ஓர் இம்மி நகரவில்லை. “அசையலையே” என்று அப்பா கீழேயிருந்து சொன்னார், பரீட்சையில் பெயிலான குரலில். எனக்குக் குதிக்கத் தோன்றியது.

தொட்டி காலியாகிவிட்டதால் அம்மா கொல்லையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள். ஒரே வீட்டில், மாடிக்கு.

“தலையில துணியப் போட்டுக்கடி, வெயிலு இன்னும் மண்டையப் பொளக்குது” என்று ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்கப்பனப் பாத்தியா, கூரையப் பாக்குறேன்னு கொறட்டை விட்டாரு. கேட்டா கண்ண மூடிப் பாத்தேங்கிறாரு.” நான் சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை. ஹாஸ்டல் நாளிலிருந்து தினமும் சாயங்காலம் இப்படித்தான். ஊர் புதிது, ஆங்கிலம் புரியாது என்று நான் அழுத நாட்களிலும் இந்தக் குரல்தான் என்னைச் சிரிக்க வைத்துத் தூங்க அனுப்பியது.

பின்னால் சளசளவென்று சத்தம். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழியும் குழாய் பாதியில் உடைந்து, தண்ணீர் தொட்டி மேடையில் கொட்டி, மேடையும் சுவரும் சேரும் இடத்தில் இருந்த விரிசலுக்குள் இறங்கியது. ஆள் நுழைய முடியாத இடம். அப்பாவின் சிமென்ட் பால் ஒருநாளும் எட்டாத மூலை.

சற்று நேரத்தில் கீழேயிருந்து ஒரே கூச்சல். “வருது! வருது! கோட்டத் தாண்டிடுச்சு!”

“அம்மா, மோட்டார்!”

“ஐயையோ!” சுவிட்ச் அவள் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது.

கீழே இறங்கி வந்து சொன்னேன். “மாடி ஒழுகல. தொட்டி வழிஞ்சு விரிசல்ல எறங்குது. உன் பொண்டாட்டி தினமும் மோட்டாரப் போட்டுட்டு என்கிட்ட பேசிக்கிட்டே மறந்துடுறா. நான் ஹாஸ்டலுக்குப் போன வருஷம்தானே இந்தத் திட்டு வந்துச்சு?”

“புள்ளகிட்ட பேசுறப்ப மோட்டார் நெனப்பு எங்கடி வரும்?” என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அப்பா படுத்தபடியே கூரையைப் பார்த்தார். “அப்ப நான் பூசினதெல்லாம்?”

“வீண்” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். “அவள ஒண்ணும் சொல்லாத” என்றார். “நீ தனியா கெடக்குற, அவ பேசட்டும். மோட்டார நான் பாத்துக்கிறேன். சுவிட்சு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துடுறேன்.”

“நல்லாருக்கே!” அம்மா பதறினாள். “இவரு பக்கத்துல உக்காந்தா நான் யாரப் பத்திப் பேசுறது?”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “தினமும் என்னப் பத்தியா?”

அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

“நாளைக்குக் குழாய்க்காரர வரச் சொல்றேன்ப்பா” என்றேன். “ஏணியில அவர் ஏறட்டும்.”

“எவனோ ஏறட்டும். என்னப் பத்தி என்ன பேசுறீங்க, அதச் சொல்லு மொதல்ல.”