பின் இருக்கையில் ஆள்

முப்பதாம் நாள் காலையில் அழகுமலை அண்ணன் ஜீப்போடு வந்து நின்றபோது, அப்பா படுத்திருந்த இரும்புக் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அவரைக் கழுவினேன், இப்போது கட்டில். சுருளித் தீர்த்தத்தில் காரியத்தை முடித்துவிட்டு வந்தால் இதையும் யாருக்காவது கொடுத்துவிடலாம். தம்பி தங்கப்பாண்டி பூசைச் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தான்.

அழகுமலை அண்ணன் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிறவர். முப்பத்தைந்து வருடமாகக் கம்பம்மெட்டு மலையில் ஏறி இறங்குகிறார். காப்பியை வாங்கிக்கொண்டு, இந்த ஒரு மாதத்தில் அப்பா இறந்ததற்குத் துட்டி கேட்க வந்த எல்லாரும் சொன்னதையே அவரும் சொன்னார்.

"பிரேக் வேலை பாத்தா, சுருளியாண்டி அண்ணன் சொந்தக் குடும்பத்தையே பின்னாடி ஏத்தி மலைய விட்டு இறக்கிப் பாப்பாக. அதுக்கப்பறந்தேன் சாவியத் தருவாக. வண்டிக்குப் பதினஞ்சு பொம்பளைக போறாகல்ல. அப்படி மனுசன் இனி எங்கன இருக்காக."

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு வாளியோடு பின்பக்கம் போய்விட்டேன். ஊர் மெச்சுகிற அந்தக் குடும்பம் நான்தான்.

அப்பா பதினான்கு வயதில் எஸ்டேட் ஷெட்டில் ஸ்பேனர் பிடித்தவர், எழுபத்தாறு வரைக்கும் விடவில்லை. பிரேக் டிரம்மைக் கழற்றித் தட்டுவார், சத்தத்திலேயே விரிசலைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கை பட்ட வண்டி ஒன்றுகூடப் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்ததில்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். அவரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் ஆறு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் மலையிறக்கிப் பார்க்கிற வண்டியில் பின் இருக்கை எனக்குத்தான். தம்பிக்கு வாந்தி வருகிறது என்று இரண்டு தடவையோடு விட்டுவிட்டார். எனக்கும் வந்தது, நான் விழுங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் இறக்கத்தில் பெடல் அப்படியே உள்ளே போய்விட்டது. அப்பா வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி நிறுத்தினார். அடியில் படுத்து ஏதோ முடுக்கினார், ஆயில் ஊற்றினார், கையைத் துடைத்துக்கொண்டு "ஏறு தாயி" என்றார். ஏறினேன். அந்த இடத்தில் நான் அவருக்கு மகளா, மூட்டையா? மூன்று வருடம் முதுகு தேய்த்துவிடும்போதெல்லாம் இந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவர் போன அன்று எனக்கு அழுகையும் வரவில்லை. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே அம்மா சேலையை மாற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, மூட்டைய ஏத்திப் பாத்திருக்கலாம்ல? என்னய ஏன் ஏத்துனாக?"

"நானும் அதத்தேன் கேட்டேன்" என்றாள் நிமிராமல். "மூட்டைன்னா கை அசந்துரும்னாக. பெத்த புள்ள உக்காரப் போகுதுன்னாத்தேன் ஒவ்வொரு நட்டையும் ரெண்டு தடவ பாப்பேன்னாக. பாறையில ஒரசுன அன்னைக்கு அவுக சோறு திங்கல. ஆனா மறுவாரமும் உன்னயக் கூப்புட்டாக. நான் வண்டிக்குக் குறுக்க நின்னுட்டேன். எம்மக ஏறமாட்டான்னேன்."

அந்த மாதம்தான் என்னைத் தேனி ஹாஸ்டலில் சேர்த்தார்கள். படிப்புக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

"பெறகு யார ஏத்துனாக?"

"யார ஏத்துவாக? என்னயத்தேன்."

"எத்தன நாளைக்கு?"

"அவுக கை நடுங்குற வரைக்கும்."

நாற்பது வருடத்துக்கு மேல். லீவுக்கு வருவேன், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு வருவேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சுருண்டு படுத்திருப்பாள். தலைவலி என்பாள். நானும் தைலத்தைக் கொடுத்துவிட்டு என் பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

"பயமா இல்லையா ஒனக்கு?"

"பயமில்லாமயா. கண்ண மூடிக்கிருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நீ அவுகளக் குளிப்பாட்டியிருக்க மாட்ட ஆத்தா."

மகள் என்பதால்தான் ஏற்றியிருக்கிறார். ஆனாலும் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியாமல் போய்விட்டது.

தீர்த்தத்தில் தம்பி தலைமுழுகிக் காரியத்தை முடித்தான். திரும்பும்போது, "மதினி, முன்னாடி உக்காருங்க" என்றார் அழகுமலை அண்ணன். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அவரைக் கடந்து போனாள். பின்பக்கம் ஏறி மூலையில் உட்கார்ந்தாள். தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இருபுறமும் தென்னந்தோப்பு, மேடுபள்ளம் இல்லாத தார்ச்சாலை. சுருளிப்பட்டி வேகத்தடைக்கு முன்னால் அண்ணன் மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தார். அம்மாவின் கண்கள் மூடிக்கொண்டன. அவள் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, ஐம்பத்தாறு வயதுக்காரியை இருக்கையோடு அழுத்திப் பிடித்தது. வண்டி வேகத்தடையைத் தாண்டி ஊரையும் தாண்டிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.