ஏழாவது ஆள்

பூவத்தடி கிராம முன்சீப் வைரக்கண்ணுவுக்கு எழுத்து மணிமணியாக இருக்கும். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு மனுஷன் செய்த காரியத்தைக் கேட்டால், சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது.

ஊரில் வாந்திபேதி உண்டா, அம்மை உண்டா, அதில் யாராவது செத்தார்களா என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தாலுகா ஆபீசுக்கு ஒரு கார்டு போட வேண்டும். இப்படி மாநிலம் முழுக்க வரும் கார்டுகளைக் கூட்டிப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு மருந்து என்று மேலே முடிவு செய்வார்கள். வைரக்கண்ணுவோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பதிமூன்று கார்டையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவார். ‘வாந்திபேதி இல்லை. அம்மை இல்லை. நோய்ச்சாவு இல்லை.’ தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதம். பெட்டியில் வைத்துப் பூட்டி, வாரம் ஒன்றாக எடுத்துத் தலையாரி உத்திராபதியிடம் கொடுப்பார். உத்திராபதிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை தெரியும். மழையோ வெயிலோ, தபாலாபீசுக்கு நடந்துவிடுவான். ஒரு வாரம்கூடத் தவறாத ஊர் என்று தாசில்தார் ஜமாபந்தி கணக்குத் தணிக்கையில் மெச்சினார். அதையே சொல்லிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார் வைரக்கண்ணு.

ஆட்சி மாறி மூன்றாவது குறுவை அது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டுக் கூலிக்காரர் தெரு ஆட்கள் களத்து மேட்டில் செங்கொடி நட்டிருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்கி அறுத்துவிடப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் தெருவில் வாந்திபேதி புகுந்தது. அறுவடை ஆட்களுக்குக் கொத்தாளாக முன்னே நிற்கும் எல்லையம்மாள் முன்சீப் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“மூணு பேரு விழுந்துட்டாங்க. கார்டு போடுங்கய்யா.”

“வயித்துக்கடுப்பா இருக்கும். கஷாயம் வச்சுக் குடுங்க.”

வாந்திபேதி என்று எழுதினால் வெளியூர் ஆள் ஊர் எல்லையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். வைரக்கண்ணுவின் சொந்த நெல்லும் வயலிலேயே உதிரும். அது ஒரு காரணம். கார்டுதான் எழுதி முடித்தாயிற்றே, அது இன்னொரு காரணம்.

புதன்கிழமை உத்திராபதியின் அண்ணன் மாரியப்பன் செத்துப்போனான். வைரக்கண்ணு ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கோடித்துணி வாங்கிக் கொடுத்தார்.

“அண்ணன் பேர கார்டுல எழுதிடுவீங்கல்லங்க? எழுதுனாத்தான் தெருவுக்கு மருந்து வரும்னு எல்லையம்மா சொல்லுது,” என்றான் உத்திராபதி.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன், போ.”

திங்கட்கிழமை உத்திராபதி மொட்டைத் தலையோடு போய்க் கார்டைப் பெட்டியில் போட்டான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது வைரக்கண்ணுவுக்கு வயிற்றைப் புரட்டியது. வாய்க்கால் தண்ணீருக்கு முன்சீப்பைத் தெரியுமா என்ன? பத்துத் தடவை கொல்லைக்கு ஓடியவரால் பதினோராவது தடவை எழுந்திருக்கவே முடியவில்லை.

“வயித்துக்கடுப்புதானே, கஷாயம் வைக்கட்டுங்களா?” என்று கேட்டாள் மனைவி தர்மாம்பாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் அப்துல் ஹமீதின் ஜீப், பூவத்தடியைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லையம்மாள் குறுக்கே போய் நின்று மறித்து, முன்சீப் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

“உங்க ஊர்ல ஒண்ணுமே இல்லையே முன்சீப் சார். நீங்கதானே எழுதியிருக்கீங்க,” என்று சொல்லிக்கொண்டே ஹமீது அவர் கையில் ஊசியை ஏற்றி, சலைன் பாட்டிலைத் தூணில் கட்டினார். “ஜீப்புல இருந்தது நாலு பாட்டில். தெருவுக்குப் பத்தாது. மேல வேணும்னா தஞ்சாவூர்ல உங்க கார்டைக் காட்டணும். நான் வாயால சொன்னா எடுபடாது. உங்க எழுத்துக்கு அங்க அவ்வளவு மதிப்பு.”

மிச்சம் மூன்று பாட்டிலோடு அவர் தெருவுக்கு விரைந்தார்.

வைரக்கண்ணு வெற்றுக் கார்டு ஒன்றை வாங்கி, படுத்தபடியே எழுதினார். மணிமணியான எழுத்து கோழி கிளறியதுபோல் வந்தது. முதலில் ‘வைரக்கண்ணு’ என்று எழுதினார்.

எட்டிப் பார்த்த தர்மாம்பாள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

“ஐயா, நீங்க ஏழாவதுங்க,” என்றாள் எல்லையம்மாள். “வரிசையில வாங்க.”

தர்மாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வைரக்கண்ணு தன் பெயரை அடித்துவிட்டு, எல்லையம்மாள் சொல்லச் சொல்ல எழுதினார். மாரியப்பன், சாவு. அடுத்து தனபாக்கியம். அடுத்து வீரையன். இன்னும் மூன்று பேரை எழுதி, கடைசியில் தன் பெயரைச் சேர்த்து முத்திரை குத்தினார்.

ஜீப்புக்குக் கொண்டுபோகக் கார்டை வாங்கிய உத்திராபதி நின்றான்.

“இதுல அண்ணன் பேரு எங்கங்க இருக்கு?”

வைரக்கண்ணு விரல் வைத்துக் காட்டினார். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான் உத்திராபதி.

“திங்கக்கெழம போட்ட கார்டுல எந்த எடத்துலங்க இருந்துச்சு?”

ஏதாவது சொல்லிச் சமாளிக்க வைரக்கண்ணுவுக்குத் தெரியாதா? பதிமூன்று வாரத்துப் பொய்யை ஒரே மூச்சில் எழுதியவர்தானே. ஆனால் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எழுதல, உத்திராபதி,” என்றார்.

உத்திராபதி வழக்கம்போலக் கார்டை மடியில் செருகவில்லை. அண்ணன் பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பிடித்தபடியே ஜீப்பை நோக்கி நடந்தான்.